இணையதளத்திற்கு ஏற்ற அமைப்பைத் தெரிந்துகொள்ளும் முறை

பாளையங்கோட்டையிலே 'சி. எம். எஸ்.' என்னும் மூன்றெழுத்தைக் கேட்ட மாத்திரத்தே முதியோர் உள்ளத்தில் தோன்றும் பொருள் ஒன்றே. 1799-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் தோன்றி, 1820-ஆம் ஆண்டில் இரேனியஸ் ஐயரை இவ்வூரிற் பணிபுரிய வைத்த சர்ச்சு மிஷனெரி சங்கமே அது. சென்ற விடுமுறையில், "எங்கள் தமிழ் மன்றத்துக்கு நல்ல சி. எம். எஸ். ஒன்று தேடுகிறோம்" என்று யான் சொல்ல, எங்கள் ஆச்சி வியப்புற்று, "ஏலே, அதைத் தேடுவானேன்? நம்ம பூட்டன் காலத்திலேயே வந்துட்டுதே!" என்றார்கள்.

யான் தேடியது வேறு. இணையதளத்தில் வெளியிடும் எழுத்து, படம், ஒலி முதலியவற்றைச் சேர்ப்பதற்கும், திருத்துவதற்கும், ஒழுங்குபடுத்தி வெளியிடுவதற்கும் துணைசெய்யும் மென்பொருளை உள்ளடக்க மேலாண்மை அமைப்பு என்பர். ஆங்கிலத்தில் அதன் பெயரைச் சுருக்கினாலும் அம்மூன்றெழுத்தே வரும். இக்கட்டுரையில் அதனை 'அமைப்பு' என்றே வழங்குவோம். அத்தகைய அமைப்புக்கள் பலவற்றுள் ஒன்றைத் தெரிந்துகொள்ளும்போது முதற்கண் நோக்க வேண்டுவது யாது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

அமைப்பு இன்னதென்பது

அச்சுக்கூடத்தை நினைவிற் கொண்டால் இது எளிதில் விளங்கும். ஆசிரியர் கையெழுத்துப் படியைக் கொடுக்கின்றார். அச்சுக் கோப்போர் எழுத்துக்களை அடுக்குகின்றனர். பக்கத்தின் அளவும், தலைப்பின் பருமையும், ஓரத்தின் அகலமும் அச்சுக்கூடத்தாரின் பொறுப்பு. எழுதியவர் அவற்றைப்பற்றிக் கவலுறுவதில்லை. அவ்வாறே அமைப்பானது பொருளை ஒரு தரவுத்தளத்திலும், தோற்றத்தை வேறோர் இடத்திலும் வைத்துக்கொண்டு, படிப்பவர் வந்து கேட்கும்போது இரண்டையும் இணைத்துப் பக்கமாக்கிக் கொடுக்கின்றது. ஆகலின் நிரல் எழுதும் கலையை அறியாத மாணவரும் கட்டுரையை வெளியிடலாம். யார் எழுதலாம், யார் திருத்தலாம், யார் வெளியிடலாம் என்னும் அதிகார வரையறையும் அதனுள்ளேயே உண்டு.

நமக்கு நேர்ந்த இழப்பு

இவ்வாராய்ச்சியில் யாம் புகுந்ததற்குக் காரணம் ஓர் இழப்பு. நமக்கு முன் பயின்ற மாணவர் சிலர் தாமிரபரணிப் பாசனத்தைப்பற்றிய சொற்களைத் தொகுத்தனர். மடை, மறுகால், கார், பிசானம் என்பன போன்ற சொற்களை, மருதூர் அணைக்கட்டின் கீழும் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் கீழும் உள்ள ஊர்களில் முதிய உழவர் வாய்மொழியாகவே கேட்டு ஒலிப்பதிவு செய்து, மன்றத்தின் இணையதளத்தில் ஏற்றினர். அத்தளம் ஒரு நிறுவனத்தின் சொந்த அமைப்பில் கட்டப்பட்டது. அந்நிறுவனத்தின் பெயர் ஈண்டு வேண்டுவதன்று. படங்களை விரலால் இழுத்து வைத்தாற் போதும், பக்கம் ஆயத்தமாகிவிடும். அவ்வளவு எளிமையுடையது அது. முதலில் கட்டணமும் இல்லை.

பின்னர்க் கட்டணம் வந்தது. கணக்கோ ஒரு மாணவருடைய சொந்த மின்னஞ்சலில் இருந்தது. அவர் பட்டம் பெற்று வேலைக்குச் சென்றார். நினைவூட்டுக் கடிதங்கள் அவர் பாராத அஞ்சற் பெட்டிக்கு வந்துகொண்டேயிருந்தன. ஒரு நாள் தளம் மறைந்தது. அவர்மேற் குற்றஞ் சொல்லுதல் நேர்மையன்று. அவரிடமிருந்து பொறுப்பை வாங்கிக்கொள்ள ஒருவரும் முன்வரவில்லை. சொற்களையும் ஒலிகளையும் ஒருசேர வெளியே எடுத்துக்கொள்ளும் வழி அவ்வமைப்பில் இருந்ததா என்று அது இயங்கிய நாளில் எவரும் கேட்டிலர். எஞ்சியது ஒரு மாணவியாரின் குறிப்பேடு ஒன்றே. அதில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு சொற்கள் உள்ளன, ஒலிகள் இல்லை. பேசிய உழவருள் ஒருவர் இதற்கிடையே காலமாயினார். அவர் குரலை இனி எங்கே சென்று கேட்பது?

ஏடு கற்பிக்கும் பாடம்

இவ்வகை இழப்பு நம் நாட்டுக்குப் புதியதன்று. இன்று தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த கரிவலம்வந்தநல்லூருக்கு, வரகுண பாண்டியருடைய ஏட்டுச் சுவடிகளைத் தேடிச் சென்ற டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் (1855–1942), பழுதுபட்ட ஏடுகள் ஓமத்தீயில் இடப்பட்டன என்று கேட்டு மனம் நொந்ததை எழுதி வைத்திருக்கின்றார்கள். அவ்வேடுகளை இட்டவர் பகைவர் அல்லர். பழையனவற்றை முறைப்படி நீக்குவதாகவே எண்ணியிருந்தனர்.

பனையோலை நெடுங்காலம் நிற்கும் பொருளன்று. பூச்சியும் ஈரமும் அதனை அரிக்கும். அங்ஙனமாகவும் சங்க நூல்கள் நம் கைக்கு வந்து சேர்ந்தமைக்குக் காரணம் யாது? ஓலை வலிமையுடையது என்பதன்று. தலைமுறைதோறும் அதனைப் பார்த்துப் படியெடுத்தவர் இருந்தனர் என்பதே. எந்த நூலுக்குப் படியெடுப்போர் இலராயினரோ அந்நூல் மறைந்தது. இணையதளத்துக்கும் இவ்விதியே பொருந்தும். யாகூ நிறுவனத்தார் 2009-ஆம் ஆண்டில் 'ஜியோசிட்டீஸ்' என்னும் இலவசத் தளச் சேவையை மூடியபோது, உலகெங்குமுள்ள எளிய மக்கள் எழுதிவைத்த பக்கங்கள் எண்ணிறந்தன மறைந்தன. ஆர்வலர் சிலர் இரவு பகலாக முயன்று படியெடுத்துக்கொண்ட பகுதியே இன்று காணக் கிடைக்கின்றது.

எனவே, அமைப்பைத் தெரிந்தெடுப்பவர் கேட்க வேண்டிய முதற் கேள்வி, 'இதனுள் நுழைவது எவ்வளவு எளிது?' என்பதன்று. 'இதிலிருந்து நம் எழுத்தை முழுமையாக வெளியே எடுப்பது எவ்வளவு எளிது? நமக்குப் பின் இதனைக் காப்பவர் யார்?' என்னும் இரண்டுமேயாம்.

தமிழர் கையாண்ட வழிகள்

இவ்விரு கேள்விகளுக்கும் நல்ல விடை கண்ட தமிழ் முயற்சிகள் சிலவுள. அவற்றுள் ஒன்று மதுரைத் திட்டம். 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் அவர்களின் ஒருங்கிணைப்பில், பல நாடுகளிலுள்ள தமிழர் ஊதியமின்றி உழைக்க, பழந்தமிழ் நூல்களை மின்னெழுத்தாக்கும் பணி தொடங்கிற்று. அதன் வெளியீடுகள் எளிய பக்கங்களாகவும் கோப்புக்களாகவுமே அமைந்தன. எழுத்துக்குறி முறை மாறியபோது, டிஸ்கி முறையிலிருந்த நூல்களை யூனிகோடு முறைக்கு மாற்ற இயன்றது. எளிமையே அந்நூல்களுக்கு அரணாயிற்று.

மற்றொன்று ஈழத் தமிழரின் நூலகம் என்னும் மின்னூலகம். 1981-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. அவ்விழப்பின் நினைவு நீங்காத சமுதாயத்தில், 2005-ஆம் ஆண்டில் தன்னார்வலர் முயற்சியால் இம்மின்னூலகம் தோன்றிற்று. அதன் நூற்பட்டியற் பக்கங்கள் மீடியாவிக்கி என்னும் அமைப்பில் இயங்குகின்றன. பலர் பல ஊர்களிலிருந்து ஒரே பட்டியலைத் திருத்தும் பணிக்கு அது தக்கது. ஆனால் நிழற்படம், ஒலி, காணொளி ஆகியவற்றின் இயல்பு வேறு. அவற்றுக்கென ஆவணகம் என்னும் தனித்தளத்தை இஸ்லாண்டோரா என்னும் அமைப்பில் நிறுவினர். பொருளின் இயல்பு மாறினால் அமைப்பும் மாற வேண்டும் என்பது இதனால் அறியப்படும்.

அமைப்புக்களின் வகை

முதலாவது, வேர்ட்பிரஸ். 2003-ஆம் ஆண்டில் மாட் மல்லன்வெக், மைக் லிட்டில் என்னும் இருவர், கைவிடப்படும் நிலையிலிருந்த வேறொரு மென்பொருளை அடிப்படையாகக் கொண்டு இதனைத் தொடங்கினர். இன்று உலகின் இணையதளங்களிற் பத்தில் நான்கு பங்குக்குமேல் இதனாலே இயங்குகின்றன. கட்டுரை, அறிவிப்பு, படம் ஆகியவற்றை நாள்வரிசையில் வெளியிடுவதற்கு மிகப் பொருத்தமானது. ஒரே நாளிற் கற்கலாம். குறையும் உண்டு. ஒவ்வொரு தேவைக்கும் ஒவ்வொரு செருகுநிரலைச் சேர்த்துக்கொண்டே போனால், அவற்றுள் புதுப்பிக்கப்படாத ஒன்றன் வழியாகக் கள்வர் புகுவர்.

இரண்டாவது, ட்ரூபல். பெல்ஜிய நாட்டு டிரீஸ் பொய்டார்ட் 2001-ஆம் ஆண்டில் வெளியிட்டது. சொல், பொருள், ஊர், பேசியவர் எனப் பொருளைப் பல கூறாக்கி, அவற்றைத் தொடர்புறுத்திக் காட்டுவதில் வல்லது. ஆயின் நன்கு பயின்றவர் கையிலேயே அது சிறக்கும். அதன் ஏழாம் பதிப்புக்கு அளித்துவந்த ஆதரவு 2025-ஆம் ஆண்டு ஜனவரியோடு முடிவுற்றது. அதனைப் பயன்படுத்திய தளங்கள் புதிய பதிப்புக்கு மாறுதல், பழைய வீட்டுக்கு வெள்ளையடிப்பது போன்றதன்று. புதுவீடு கட்டிக் குடிபுகுவது போன்றது.

மூன்றாவது, ஜூம்லா. 2005-ஆம் ஆண்டில் மாம்போ என்னும் அமைப்பினின்று பிரிந்தது. 'அனைவரும் ஒருங்கே' என்னும் பொருள்படும் சுவாஹிலி மொழிச் சொல்லிலிருந்து அப்பெயர் அமைந்தது. எளிமையில் முன்னதற்கும், ஆற்றலில் பின்னதற்கும் இடைப்பட்டது எனலாம்.

நான்காவது, விக்கிப்பீடியாவுக்கென உருவாக்கப்பட்ட மீடியாவிக்கி. 2003-ஆம் ஆண்டில் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவும் இதனாலேயே இயங்குகின்றது. யார், எந்நாளில், எச்சொல்லை மாற்றினார் என்பதை அது மறவாமற் பதிந்து வைக்கும். பாடவேறுபாடுகளை ஆராயும் தமிழ் மாணவருக்கு இஃது எத்துணை இனிது என்று சொல்ல வேண்டுவதில்லை.

இவையேயன்றி, நூலகங்களுக்கும் ஆவணக் காப்பகங்களுக்கும் டிஸ்பேஸ், ஓமேகா என்பனவும் உள. தரவுத்தளமே இன்றி, எளிய உரைக் கோப்புக்களிலிருந்து பக்கங்களை முன்னதாகவே ஆக்கிவைக்கும் ஜெக்கில், ஹூகோ என்னும் கருவிகளும் உள. இப்பின்னவை களவுக்கு அஞ்ச வேண்டாதன, செலவு குறைந்தன, ஆனால் பழகாதார்க்கு அரிய.

இங்குக் கூறிய யாவும் மூலநிரல் திறந்தவை. எவரும் பெற்று, எவ்வழங்கியிலும் நிறுவிக்கொள்ளலாம். ஒரு வழங்கி நிறுவனம் மூடப்பட்டால் வேறொன்றுக்குப் பெயர்ந்து போகலாம். நம் பழைய தளத்திற்கு இவ்வுரிமை இல்லாமற் போயிற்று.

தமிழுக்கெனச் செய்யவேண்டிய சோதனைகள்

ஆங்கிலத்தில் அமைப்புக்களை ஒப்பிட்டு எழுதுவோர் காணாத சில இடர்ப்பாடுகள் நமக்கு உண்டு.

முதலாவது, எழுத்துக்குறி. ஒரு காலத்தில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் குறிமுறையைக் கொண்டிருந்தன. ஓர் எழுத்துருவில் எழுதியது பிறிதொன்றிற் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தாம், தாப் என்னும் முறைகள் வந்தன. 2010-இல் தமிழக அரசு யூனிகோடு முறையை ஏற்றது. ஆகவே பழைய மலர்களின் கணினிக் கோப்புக்களை ஏற்றுமுன், அவற்றை யூனிகோடாக மாற்றிச் சரிபார்த்தல் இன்றியமையாதது.

இரண்டாவது, தேடுதல். 'குளம்' என்று தேடுபவருக்குக் 'குளத்தில்' என்று வரும் பக்கம் அகப்படுவதில்லை. அத்துச் சாரியை பெற்ற சொல்லை எளிய தேடுகருவி வேறு சொல்லென்றே கருதும். 'ஆறு' என்னும் நெடிற்றொடர்க் குற்றியலுகரம் ஒற்றிரட்டி 'ஆற்றில்' என்றாதலும் அத்தகையதே. நன்னூல் கற்ற மாணவர் இதற்கு மாற்றுக் காண வல்லவர். ஒவ்வொரு சொற்பக்கத்திலும் அச்சொல்லின் திரிந்த வடிவங்களையும் ஒரு வரியிற் குறித்துவிட்டால் குறை நீங்கும்.

மூன்றாவது, அகரவரிசை. தமிழுக்குரிய வரிசை விதியைக் கொடாமல் யூனிகோடு எண்வரிசைப்படியே அடுக்கினால், களம், கழனி, கவலை என நிற்கும். நம் நெடுங்கணக்கின்படி கவலை, கழனி, களம் என்றே நிற்றல் வேண்டும். சொற்றொகுதிக்கு இது சிறு பிழையன்று.

நான்காவது, பக்கத்தின் முகவரி. தமிழில் அமைந்த முகவரியில் ஒவ்வோர் எழுத்துக்கூறும் ஒன்பது குறிகளாக விரியும். 'தாமிரபரணி' என்னும் ஒரு சொல்லே 81 குறிகளாகும். வேர்ட்பிரஸ் அமைப்பில் இதற்கு எல்லை 200 குறிகள். நீண்ட தமிழ்த் தலைப்பு இடையே அறுபடும். முகவரியை எண்ணாலோ சிறு சொல்லாலோ அமைத்துக்கொள்வது நலம்.

காவலும் செலவும்

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று நற்செய்தி நூலிற் படித்திருக்கிறோம். அமைப்பு இலவசமாயினும் தளம் இலவசமன்று. தளப்பெயருக்கும் வழங்கிக்கும் ஆண்டுதோறும் பணம் வேண்டும். அதனினும் பெரிய செலவு, காப்பவருடைய காலம். மென்பொருளைப் புதுப்பித்தலும், படியெடுத்தலும், படியெடுத்தது மீண்டும் உயிர்பெறுகின்றதா என்று சோதித்தலும் ஓயாத வேலைகள். வேர்ட்பிரஸ் தரும் ஏற்றுமதிக் கோப்பில் எழுத்து மட்டுமே இருக்கும். படமும் ஒலியும் தனியே எடுக்கப்படல் வேண்டும் என்பதை அறியாமல் ஏமாந்தவர் பலர்.

படிகள் யாவும் ஓரிடத்திலேயே இருத்தலும் தகாது. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்ததும், தாமிரபரணி கரைபுரண்டதும் நாம் கண்ட காட்சி. கீழ்த்தளத்து அறையில் உள்ள கணினியும், அதனருகே வைத்த படியும் ஒரே வெள்ளத்தில் மூழ்கும்.

யாம் துணிந்தது

மன்றத்தார் இப்பணிக்கு எங்கள் மூவரை நியமித்தனர். எம்முள் ஒருவர் ட்ரூபல் வேண்டும் என்றார். சொற்றொகுதிக்கு அதுவே அழகியது என்பதில் எமக்கும் ஐயமில்லை. யான் மீடியாவிக்கியை விரும்பினேன். மூன்றாமவர் ஒரு கேள்வி கேட்டார்: "நாம் மூவரும் போனபின், முதலாண்டு மாணவர் ஒருவர் இதனை எத்தனை நாளிற் கற்பார்?" எம் இருவரிடமும் விடை இல்லை. ஆகவே வேர்ட்பிரஸையே தெரிந்துகொண்டோம். அது யாவற்றினும் சிறந்தது என்பதனாலன்று. நம்மிடம் உள்ள கைகளுக்கு ஏற்றது என்பதனால். ஆளும் பணமும் உடைய நூலகம் ஒன்று வேறு முடிவுக்கு வரின், அதுவும் சரியே.

உடன் சில விதிகளையும் வகுத்தோம். தளப்பெயரும் கணக்கும் எந்த மாணவர் பெயரிலும் இராமல் மன்றத்தின் பெயரில் இருக்கும். கடவுச்சொல் மன்றத் தலைவரான ஆசிரியரிடமும் இருக்கும். செருகுநிரல்கள் இன்றியமையாதன மட்டுமே. சொற்றொகுதி முழுவதும் தளத்திலேயன்றி எளிய உரை அட்டவணையாகவும் வைக்கப்படும். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் எழுத்து, படம், ஒலி ஆகிய மூன்றையும் படியெடுத்து, ஒரு படி கல்லூரியிலும் ஒரு படி வெளியூரிலும் வைப்போம். படியினின்று தளத்தை மீண்டும் எழுப்பிப் பார்த்த பின்னரே, அவ்வாண்டின் பொறுப்பாளர் அடுத்தவரிடம் திறவுகோலை ஒப்புவிப்பார். பேசுவோரின் இசைவைப் பெற்றே அவர்தம் குரல் வெளியிடப்படும்.

மாணவ நண்பர்காள்! சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன், அக்குறிப்பேட்டைக் கையிற்கொண்டு ஸ்ரீவைகுண்டத்துக்கு அப்பாலுள்ள ஊர்களுக்கு மீண்டும் சென்றோம். காலமான பெரியவருடைய தம்பியார் எம்மை வயல்வரப்பில் அமரவைத்து, அண்ணன் சொன்ன சொற்களுட் பலவற்றைத் தாமும் சொன்னார். சிலவற்றை நினைவுகூர இயலவில்லை. இறுதியில், "முன்னேயும் பிள்ளைகள் வந்து எழுதிக்கொண்டு போனார்களே, அது என்னவாயிற்று?" என்று வினவினார். உண்மையைச் சொன்னோம். அவர் சினங்கொள்ளவில்லை. "இந்தத் தடவையாவது பத்திரமா வையுங்க" என்றார்.

அமைப்பைத் தெரிந்தெடுத்தலின் பொருள் அவ்வொரு சொல்லில் அடங்கிற்று. இவ்வாண்டு மன்றத்திற் புதிதாகச் சேர்வோர் இருவர் இப்பணியைக் கற்றுக்கொள்ள முன்வருவாராக. கற்பிக்க யாம் ஆயத்தமாக இருக்கிறோம்.